ஊழியர்களும் நாவல்களும்

தேச காரியங்களில் இறங்கியிருப்பவர்களுக்கு நாவல் படிக்க அவகாசமில்லை என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. பத்திரிகை படிப்பார்கள், கமிஷன் அறிக்கை படிப்பார்கள், தலைவர்களின் பிரசங்கங்களைத் தொகுத்து அச்சிட்டால் அதையும் வாங்கி அலமாரியில் வைப்பார்கள். நாவல் என்றால் மட்டும், வேலையற்றவர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ஏதேனும் ஒரு நாவலின்மீது கலகம் எழுந்துவிட்டால், முன்வரிசையில் வந்து நின்று அபிப்பிராயம் சொல்லுகிறவர்களும் இதே மனிதர்கள்தாம். படிப்பதற்குக் கிடைக்காத அவகாசம் கண்டிப்பதற்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது.

சென்ற சில மாதங்களாக, கோர்ட்டு விடுமுறை நாட்களிலும், அச்சுக்கூடத்திலிருந்து புரூப் வருவதற்குக் காத்திருந்த இரவுகளிலும், இந்த நூற்றாண்டில் வெளிவந்த தமிழ் நாவல்கள் சிலவற்றை நாம் படித்தோம். நாம் இலக்கிய பரீக்ஷகர் அல்லோம். நமக்குள்ள யோக்கியதை ஒன்றே: எந்தத் தஸ்தாவேஜையும் முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தாலன்றி அதைப்பற்றி வாய் திறக்கலாகாது என்பது வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்த பழக்கம். இவ்விஷயத்தில் நமக்கு ஒரு முன்னோரும் உண்டு. தமிழில் முதல் நாவலென்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஜில்லா முன்சீப்பாயிருந்தவர். ஆகவே நாவலுக்கும் நியாயஸ்தலத்துக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று.

முதலில் ஸ்ரீ சோ. தர்மன் எழுதிய 'சூல்'. 2016-ல் வெளிவந்து, 2019-ஆம் வருஷத்துச் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்ற நூல் இது. கரிசல் சீமையில் உருளைக்குடி என்ற கிராமம். அதன் கண்மாய்தான் இந்த நாவலின் கதாநாயகன், கதாநாயகி எல்லாம். நீர் நிறைந்த கண்மாய் நிறைசூலியைப் போன்றது என்ற எண்ணமே நூலுக்குப் பெயராயிற்று. எட்டயபுரத்து ராஜாக்களின் காலத்தில் ஊர் ஜனங்கள் கூடிக் கண்மாயைத் தூர் வாரி ஆழப்படுத்துவதிலிருந்து கதை புறப்படுகிறது. எடுத்த கரம்பை வயலுக்குப் போகிறது. மடைக்கும் கலுங்குக்கும் ஊரார் காவல். எந்த வயலுக்கு எப்பொழுது நீர் என்பதை நீர்ப்பாய்ச்சி தீர்மானிக்கிறான். அவன் சொல்லுக்குப் பெரிய பண்ணையும் கட்டுப்படவேண்டும். மீன், பறவை, மரம், பேய், தெய்வம் யாவும் அந்தக் கண்மாயைச் சுற்றியே வாழுகின்றன. ஒரு மனிதனுடைய கதையாக இல்லாமல், நூறு சிறு கதைகளாக நாவல் பெருகிச் செல்லுகிறது. சில இடங்களில் எந்தக் கதைக்குள் நிற்கிறோம் என்று வாசகன் திகைக்க நேரிடுகிறது. அதனால் நமக்கு ஆக்ஷேபமில்லை. கிராமத்துத் திண்ணையில் கதை அப்படித்தான் நடக்கும்.

பிறகு சுதந்திரம் வருகிறது, கண்மாய் போய்விடுகிறது. அரசியல் ஊழியர்கள் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய இடம் இது. ஊரார் தமதென்று கருதிய நீர்நிலை, யாருடையதுமல்லாத சர்க்கார் சொத்தாகிறது. வண்டல் மேடிடுகிறது. வேலிக்காத்தான் முளைக்கிறது. ஊருக்கு ஊர் கட்சிக் கொடிகள் ஏறுகின்றன, மண்வெட்டி ஏந்துவாரில்லை. ஸ்ரீ தர்மன் கட்சிகளுக்குள் பேதம் பாராட்டவில்லை, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். இக்கடைசிப் பகுதியில் கதை தளர்ந்து பிரசங்கமாகிவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம். நீர்ப்பாய்ச்சியின் கண்கொண்டு பார்த்தவர், திடீரென்று மேடையேறிப் பேசுகிறார். பிரசங்கத்தை நாம் வேண்டிய மட்டும் வேறிடத்தில் கேட்கிறோம். ஆயினும் குற்றச்சாட்டு பொய்யன்று. குடிமராமத்து என்பது ஜனங்களின் வழக்கமாயிருந்தது. அதை 1858-ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எழுத்தில் ஏற்றியது; வழக்கம் உயிரோடிருந்திருந்தால் கட்டாயத்துக்கு அவசியமென்ன? பிற்காலத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் பொதுப்பணி இலாகாவுக்கென்றும், அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனுக்கென்றும் பாகப்பிரிவினை நடந்தது. பாகம் கேட்காதவர் ஊரார் மட்டுமே. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரையே சூட்டிச் சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிற்று. பெயர் திரும்பி வந்தது. நீர்ப்பாய்ச்சிக்கு இருந்த அதிகாரமும் திரும்பிற்றா என்பதை நேயர்கள் தத்தம் ஊர்க் கரையில் போய் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்நாவல்களைப் பற்றி நமது சிநேகிதர்கள் சொல்லும் பெரிய குறை, பாஷை கொச்சையாயிருக்கிறது என்பது. கரிசல் பேச்சு திருச்சிக்காரருக்கு விளங்கவில்லையாம். கொங்கு நாட்டுச் சொல் சென்னைக்காரருக்கு எட்டவில்லையாம். நல்லது, லண்டன் மாநகரத்துச் சந்துகளில் பேசும் பாஷையை டிக்கன்ஸ் நாவல்களில் அகராதி வைத்துக்கொண்டு படித்துப் பரீக்ஷை தேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கே பட்ட சிரமத்தில் பத்தில் ஒரு பங்கை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் செலவிடலாகாதா? கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஸ்ரீ கி. ராஜநாராயணன் அகராதி தொகுத்து 1982-லேயே வெளியிட்டார். கொங்குச் சொற்களுக்கு ஸ்ரீ பெருமாள்முருகன் 2000-ல் ஓர் அகராதி செய்திருக்கிறார். சர்வகலாசாலைகள் செய்யவேண்டிய காரியத்தைக் கதாசிரியர்கள் தலையில் சுமந்து செய்திருக்க, நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கொச்சை என்கிறோம். ஜனங்களின் பெயரால் பேசுகிறவர்களுக்கு ஜனங்களின் பேச்சு விளங்கவில்லை என்றால், குறை பேச்சில் இல்லை.

ஸ்ரீ இமையம் எழுதிய 'செல்லாத பணம்' (2018) வேறு ஜாதி நூல். இதில் ஊர்ப் புராணம் இல்லை, வருணனை இல்லை. ஏறக்குறைய எல்லாம் பேச்சு. நடேசன் என்ற தலைமையாசிரியரின் மகள் ரேவதி இஞ்சினீயரிங் படித்தவள். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டும் ரவியை, வீட்டார் எவ்வளவு தடுத்தும் கேளாமல் மணந்துகொள்ளுகிறாள். அடியும் உதையும் பட்டு, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, ஒருநாள் தீப்பட்டுப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டின் வாசலில் நடக்கிறது. தகப்பனிடம் பணம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கச் சித்தமாயிருக்கிறார். அந்த வாசலில் அது செல்லாத பணம்.

நாம் அந்நூலைப் படிக்கையில் சாட்சியச் சட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தோம். மரணத் தறுவாயிலிருப்பவரின் வாக்குமூலத்துக்கு 1872-ஆம் வருஷத்துச் சட்டம் 32-ஆம் பிரிவில் தனி மதிப்புக் கொடுத்திருந்தது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்தில் அது 26-ஆம் பிரிவு. சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டார் என்பது அதன் அடிப்படை. ஆனால் அந்த வாக்குமூலத்துக்கு முன்னும் பின்னும் வார்டு வாசலில் உட்கார்ந்து உறவினர் பேசிக்கொள்ளுவது எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறுவதில்லை. அம்மா மகளைத் திட்டுகிறாள், திட்டிக்கொண்டே அழுகிறாள். தன் பிள்ளையைப்போல் எரிந்து கிடக்கும் வேறு பெண்களின் தாய்மார்களோடு சிநேகமாகிறாள். படிக்க வைத்ததுதான் தப்போ என்ற கேள்வி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குத் தாவுகிறது. ரவிக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார் ஆசிரியர். அது சிலருக்குக் கோபமூட்டலாம். எதிரியின் வாக்குமூலத்தையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்ற முறையைக் கோர்ட்டார் மறந்தாலும் ஸ்ரீ இமையம் மறக்கவில்லை என்று நாம் சந்தோஷப்பட்டோம். ஆயினும் பேச்சு மிகுந்துவிட்டது. ஒரே துக்கம் நான்கு வாய்களில் நான்கு முறை வரும்போது, வாசகனுடைய மனம் மரத்துப்போக ஆரம்பிக்கிறது. வார்டு வாசலில் உண்மையாகவே அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர் பதில் சொல்லலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' (2014) கரிசல் நாட்டு நாதஸ்வரக்காரர்களைப் பற்றியது. கோயில் வாசலில் வாசிப்பவனை அதே வாசலில் எப்படி அவமதிக்கிறோம் என்பதைப் படித்துவிட்டு, கச்சேரியில் முன்வரிசை நாற்காலியில் உட்காருவது சிறிது கூச்சமாயிருக்கும். ஸ்ரீ தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொங்கு நாட்டு நாவிதர் குடும்பம் ஒன்றின் துக்கத்தைச் சொல்லுகிறது. அளவில் சிறியது, சிறியதாயிருப்பதே அதற்குப் பலம். ஏனெனில் நமது நாவலாசிரியர்களுக்கு ஸ்தூல வியாதி ஒன்று கண்டிருக்கிறது. 'காவல் கோட்டம்', 'கொற்கை', 'அஞ்ஞாடி' ஆகிய மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. மூன்றும் அக்காதெமிப் பரிசு பெற்றவை. அவற்றில் பெரிய காரியங்கள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரயிலில் கையில் பிடித்துப் படிக்கமுடியாத புத்தகத்தை ஊழியர்களுக்குச் சிபாரிசு செய்ய நமக்குத் தைரியமில்லை.

இனி, கலகத்துக்கு உள்ளான நாவலுக்கு வருவோம். ஸ்ரீ பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. நான்கு வருஷம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2013-ல் இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் சமாதானப் பேச்சு என்ற பெயரால் ஆசிரியரை வரவழைத்து, நிபந்தனையற்ற மன்னிப்புக்கு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் தாமே முகநூலில் அறிவிக்க நேர்ந்தது.

அந்நாவலில் இருப்பது என்ன? காளி, பொன்னா என்ற தம்பதிகளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தையில்லை. நமக்குத் தெரிந்தவரை, தமிழ் நாவலில் இவர்களைப்போல் ஒருவரையொருவர் விரும்பும் புருஷனும் மனைவியும் அதிகமில்லை. ஊர் அவர்களை விடுவதாயில்லை. கல்யாணவீட்டில் பொன்னாவை ஒதுக்குகிறார்கள். விதை தூவும் நல்ல காரியத்திலும் அவள் கை படலாகாது என்கிறார்கள். சொத்தை யார் ஆளுவது என்று உறவினர் கணக்குப் போடுகிறார்கள். வேண்டுதல் எல்லாம் செய்தாயிற்று. மலைக்கோயில் தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆடவரைத் தெய்வமாக எண்ணிக் கூடுவார்கள் என்று சொல்லப்பட்ட பழைய வழக்கத்தை இரு வீட்டுத் தாய்மார்களும் நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள். நகலெடுத்த பக்கங்கள் அந்த இரவைப் பற்றியவை.

முழு நூலையும் படித்தவர்களுக்கு இது சம்மதம் என்ற ஒரே சொல்லைப் பற்றிய நாவல் என்பது விளங்கும். போகிறாயா என்று காளி ஒருநாள் மனைவியைக் கேட்கிறான். நீ சொன்னால் போகிறேன் என்ற கருத்தில் அவள் பதில் சொல்லுகிறாள். மாட்டேன் என்று அவள் சொல்வாளென்று எதிர்பார்த்திருந்த காளிக்கு அந்தப் பதில் முள்ளாகத் தைக்கிறது. அவளோ, புருஷனுக்காக எதையும் செய்வேன் என்பதையே சொன்னதாக நினைக்கிறாள். பிறகு அவளுடைய அண்ணன் முத்து, காளி சம்மதித்துவிட்டான் என்று தங்கையிடம் பொய் சொல்லி அனுப்புகிறான். காளியைக் கள்ளுக்கு அழைத்துப் போய்விடுகிறான். வஞ்சனை செய்கிறவர்களில் கெட்டவர் ஒருவருமில்லை. எல்லாரும் அவர்கள் நன்மையையே விரும்புகிறார்கள். இருவர் சம்மதத்தையும் மூன்றாம் மனிதர் சேர்ந்து தயாரித்துக்கொள்ளும் இக்காரியத்தை நாம் வக்கீல் தொழிலில் எத்தனை பாகப் பத்திரங்களில் கண்டிருக்கிறோம்! சர்க்கார் ஆபீஸில் ஓர் ஆசிரியரிடம் வாங்கிய கையெழுத்தும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஊராருடைய மனத்தாங்கலை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஊரையும் கோயிலையும் பெயர் சொல்லி எழுதினால், அவ்வூரில் பிறந்தவர்களுக்கு வருத்தம் உண்டாவது இயற்கை. அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்கிவிடுவதாக ஆசிரியரும் ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியொரு வழக்கமே இருந்ததில்லை என்பவர்கள் மறுப்பு நூல் எழுதலாம், கூட்டம் கூடிப் பேசலாம். புத்தகத்தைக் கொளுத்தி ஊரை மூடியதற்கு மட்டும் நியாயம் இல்லை. அதிலும், கலகம் செய்தவர்களை விலக்கவேண்டிய அதிகாரிகள், எழுதியவரையே விலகிப்போகச் செய்தது விபரீதம். 2016 ஜூலை 5-ல் சென்னை ஹைக்கோர்ட்டில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகிய இருவரும், அந்த உடன்படிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தார்கள். பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்க எவருக்கும் சுதந்திரமுண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். வங்காளத்தில் சமரேஷ் பாசு என்பவரின் 'பிரஜாபதி' 1967-ல் வெளிவந்து, ஆபாச வழக்கில் சிக்கி, 1985-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் விடுதலையாயிற்று. பதினெட்டு வருஷம்! நீதிபதி முதலில் ஆசிரியனிடத்திலும் பின்பு வாசகனிடத்திலும் தம்மை வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவ்வழக்கில் சொல்லப்பட்டது. ஜட்ஜுகளுக்குச் சொன்ன இந்த விதி, கொடி பிடிப்பவர்களுக்கும் பொருந்தும்.

தீர்ப்பு வந்த வருஷத்திலேயே ஸ்ரீ பெருமாள்முருகன் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' என்ற சிறு நாவலை வெளியிட்டார். மனிதரைப் பற்றி எழுதப் பயம், தெய்வத்தைப் பற்றி எழுத அதைவிடப் பயம்; ஆகவே ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்பது அதன் முன்னுரையின் தொனி. ஒரு ஏழைக் கிழவனுக்கும் கிழவிக்கும் ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி கிடைக்கிறது. அந்நாட்டில் ஆடுகளையெல்லாம் சர்க்காரிடம் கொண்டுபோய்க் காது குத்திப் பதிவு செய்துகொள்ளவேண்டும். வரிசையில் நிற்கவேண்டும், எதிர்த்துப் பேசலாகாது. குட்டி எங்கிருந்து வந்தது என்ற உத்தியோகஸ்தரின் கேள்விக்குக் கிழவி பொய் சொல்லித் தப்பவேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டே படித்தோம், புத்தகத்தை மூடியபோது சிரிப்பு இல்லை. எனினும் 'மாதொருபாக'னில் காளியின் தொண்டுப்பட்டியையும் மாடுகளையும் எழுதிய கை, இங்கே சற்று நடுங்கியே எழுதியிருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. அந்த நடுக்கத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்க நாம் சித்தமாயில்லை.

அவருடைய 'பூக்குழி'யின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேசப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் ஏறிற்று. அதே வருஷம் 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. பரிசு கிடைத்தது. அதன் பிறகு நமது சிநேகிதர்கள் பலர் அவரைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கிலீஷில்தான். கடல் கடந்துபோய்ச் சுங்கம் செலுத்தித் திரும்பி வந்தாலொழிய உள்ளூர்ச் சரக்கை நாம் தொடுவதில்லை என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்னொரு செய்தி சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறோம். 'மாதொருபாக'னின் முடிவில், நடந்ததை அறிந்த காளி, மாமனார் வீட்டு முற்றத்தில் தானே நட்டு வளர்த்த பூவரச மரத்தடியில் வந்து விழுகிறான். அதற்குமேல் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல ஆசிரியர் ஒன்றல்ல, இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். 'ஆலவாய'னில் காளி இறந்துவிடுகிறான். பொன்னா தனித்து நின்று வாழவேண்டியிருக்கிறது. 'அர்த்தநாரி'யில் காளி உயிரோடிருக்கிறான். அவளோடு பேசாமலே அவளைத் தண்டிக்கிறான். அந்த ஓர் இரவுக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை இரண்டு விதமாகவும் கணக்குப் பார்த்திருக்கிறார். இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. நகலெடுத்து விநியோகித்தவர்கள் அவற்றிலிருந்து ஒரு பக்கமும் எடுத்ததாகத் தெரியவில்லை.